பலகை மாட்டிய வீடு

அத்தியாயம் 14

ஜனாதிபதிக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்த ஊருக்குப் போனாலும் தனியார் வீட்டில் தங்க மாட்டார், சத்திரத்தில்தான் தங்குவார். ஒருவர் வீட்டில் தங்கினால் ஊரில் மற்றவர்களெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். நாடோ இப்போதுதான் பிறந்து தவழ்கிறது. அதற்குள் எதற்கு வம்பு?

ஊர் ஆலயப் பொறுப்பாளர் டீக்கன் அசாகேல் வாட்லோவுக்கும் ஒரு கொள்கை இருந்தது. ஜனாதிபதி தன் வீட்டில்தான் தங்க வேண்டும்.

இரண்டு கொள்கைகளும் மோதாமலிருக்க டீக்கன் கண்டுபிடித்த வழியைச் சென்ற வாரமே பார்த்துவிட்டோம். கோர்ட்டுக்குப் போனார். பைபிள் மேல் கை வைத்து, இடமிருக்கும்வரை எந்த வழிப்போக்கரையும் திருப்பியனுப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்தார். சத்திரம் நடத்தும் உரிமத்தோடு திரும்பிவந்து வாசலில் பலகை மாட்டினார். பலகையில் ஒரு கழுகு. வரைந்தவர் தச்சர் ஜோனஸ் ஹிக்காக்ஸ். ஜோனஸ் கழுகைப் பக்கத்தில் பார்த்ததில்லை. கோழியைப் பார்த்திருக்கிறார்.

அதே வாரத்தில் டீக்கன் இன்னொரு காரியமும் செய்தார். எட்டு வருடத்துக்கு முன்னால், சுதந்திரப் போர் முடியும் தறுவாயில், ஆங்கிலேயர் பிடித்துப்போய் நியூயார்க் துறைமுகத்துச் சிறைக்கப்பலில் அடைத்த தன் ஒரே மகன் லேவி செத்துவிட்டான் என்று போதகர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகுதான், லேவியின் மனைவி லிடியாவுக்கும் தச்சர் ஜோனஸுக்கும் கல்யாண ஓலையை ஆலயத்தில் ஊரறிய வாசிக்கப் போதகர் சம்மதித்தார். முதல் ஓலை நாளை ஞாயிற்றுக்கிழமை.

எட்டு வருடம் அந்தப் பேச்சையே எடுக்கவிடாத மனிதர் ஒரே புதன்கிழமையில் மகனைச் சாகக் கொடுத்ததற்குக் காரணம் எளிது. வீட்டிலேயே நல்ல அறை, மகன் திரும்பிவருவான் என்று மாடியில் காலியாக வைத்திருந்த லேவியின் அறைதான்.

அதிலும் ஒரு குறை. கதவைத் தாண்டியதும் தலைக்கு மேல் ஓர் உத்திரம் குறுக்கே ஓடியது. அந்த அறைக்குள் நுழைகிற யாரும் குனிந்தாக வேண்டும். ஜனாதிபதியோ ஆறடிக்கு மேல். நாட்டின் தலைவர் நெற்றி வீங்கி ஆலயத்துக்கு வந்தால் ஊருக்கு என்ன மரியாதை? ஜோனஸ் உத்திரத்தை அறுத்தெடுத்து, சுண்ணாம்பு பூசி, இருந்த தடமே தெரியாமல் செய்துவிட்டார்.

இன்று சனிக்கிழமை. மாலைக்குள் ஜனாதிபதி வந்தாக வேண்டும். கனெக்டிகட்டில் சனிக்கிழமை சூரியன் இறங்கிவிட்டால் ஓய்வுநாள். பயணம் கூடாது, சாமான் நகர்த்தக் கூடாது, சிரித்தாலும் பல் தெரியக் கூடாது. அப்புறம் திங்கள் காலைவரை இருக்கிறவர் இருக்கிற இடத்தில் இருக்க வேண்டியதுதான்.

மத்தியானம் மழை கொட்டியது. டீக்கன் வாத்து வாங்கப் போயிருந்தார். சமையலறையில் லிடியா மாவு பிசைய, டீக்கனின் அக்கா திர்ஸா பக்கத்தில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கியபடி குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாவு இறுகிப்போச்சு பாரு. ஜனாதிபதிக்குப் பல்லு கிடையாதாம், தெரியுமில்ல?"

"அவருக்கு வேற கட்டிவிட்டிருக்காங்களாம் அத்தை."

"கட்டின பல்லு உன் ரொட்டியத் தாங்குமா?"

லிடியா பதில் சொல்ல நிமிர்ந்தாள். கொல்லைக் கதவருகே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கதவு திறந்த சத்தம் இருவருக்குமே கேட்கவில்லை.

வழிப்போக்கர்கள் முன்வாசலில் வந்து தட்டுவார்கள். கொல்லைப்புறமாக வருவது வீட்டு மனிதர்கள் மட்டும்தான்.

"யாருங்க நீங்க?"

"வாசல்ல பலகை தொங்குதே."

"அது கழுகுங்க," என்றாள் திர்ஸா. "எல்லாரும் கேக்கறாங்க."

வந்தவர் சிரிக்கவில்லை. அம்மைத் தழும்பு முகம் முழுக்க அரித்துவைத்திருந்தது. வயது முப்பதும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"தங்கணும்," என்றார். தொண்டையில் துருப்பிடித்த குரல்.

"கீழ ஒரு ரூம் இருக்கு. அடுப்புக்குப் பக்கம், நல்லா சூடா இருக்கும்."

"மாடியில இருக்கிறது காலியாத்தானே இருக்கு?"

காலியாகத்தான் இருந்தது. மாடியில் ஓர் அறை இருப்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று லிடியா யோசிக்கும்போதே திர்ஸா அவள் காதைக் கடித்தாள்.

"காலின்னா குடுத்துத்தான் ஆகணும்டீ. உன் மாமன் பைபிள் மேல கை வச்சிருக்கான்."

"யாரோ இருக்காங்கன்னு சொல்லிடலாமா அத்தை?"

"பொய்யா? ஓய்வுநாளை வச்சுக்கிட்டா?"

"ஓய்வுநாள் சாயங்காலம்தானே ஆரம்பிக்குது?"

திர்ஸா ஒரு கணம் யோசித்தாள். "அது சரிதான். ஆனா அந்தாளு படியேறிட்டாரே."

லிடியா பின்னாலேயே ஓடினாள். வந்தவர் வழி கேட்கவில்லை. இடப்பக்கம் திரும்பினார். கதவைத் தள்ளினார். உள்ளே கால் வைக்கும்போது குனிந்தார்.

வழக்கமாகக் குனிகிற இடத்தில், வழக்கமான அளவுக்கு, யோசிக்காமல் குனிந்தார். இரண்டடி போய் நிமிர்ந்தார். அவர் தலைக்கு மேல் ஒன்றுமே இல்லை. வெறும் சுண்ணாம்பு.

லிடியாவின் கையில் ஒட்டியிருந்த மாவு காய்ந்து இறுகியது.

வந்தவருக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். திரும்பிப் பார்த்தார். கையை உயர்த்தித் துழாவினார். காற்றுதான் கிடைத்தது. அந்த முகத்தில் அப்போதுதான் பயம் தெரிந்தது. பயந்தது அவர். பயமுறுத்தப்பட்டது அவள். இதில் யாருக்கு யார் தைரியம் சொல்வது?

"இங்க ஒண்ணு இருந்துச்சே," என்றார்.

"இருந்துது. அறுத்தாச்சு."

"சொல்லாம எதையும் எடுக்காதீங்கம்மா." படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எங்கிட்ட இருக்கிறதே அவ்வளவுதான்."

டீக்கன் இரண்டு வாத்துகளோடு திரும்பினார். செய்தி கேட்டதும் வாத்துகளை மேசைமேல் போட்டார்.

"ஜனாதிபதி ரூம்ல எவனோ உக்காந்திருக்கானா? வாசல்ல நின்னு தடுக்கிறதுக்கு உங்க ரெண்டு பேருக்கும் வாயி இல்லையா?"

"சத்தியம் பண்ணின வாயி உன்னுதுடா," என்றாள் திர்ஸா. "எங்க வாயை ஏன் இழுக்கறே?"

"மாமா, அவர் உள்ள போறப்போ குனிஞ்சாரு," என்றாள் லிடியா.

"எதுக்கு?"

"உத்திரத்துக்கு."

"அங்கதான் உத்திரமே இல்லையே."

"அதைத்தான் மாமா சொல்றேன்."

டீக்கன் வாத்துகளை ஒழுங்காக அடுக்கிவைத்தார். "கழுத்து சுளுக்கியிருக்கும்," என்றார்.

ஒரு குப்பி ரம்மோடு மாடியேறினார். குப்பியும் அவரும் அப்படியே இறங்கிவந்தார்கள்.

"நகர மாட்டேங்கறான். பலகை தொங்குறவரைக்கும் நான் விருந்தாளி, விருந்தாளியைக் கிளப்பக் கூடாதுங்கறான். அதையும் மரியாதையாச் சொல்றான். திட்டினாலாவது பரவாயில்லை."

"மூஞ்சியப் பார்த்தியாடா?" திர்ஸா கேட்டாள்.

"ஜன்னலைப் பார்த்து உக்காந்திருக்கான்."

"திரும்பச் சொல்றதுதானே?"

"எதுக்குத் திரும்பச் சொல்லணும்?" என்று கத்தினார் டீக்கன். அந்தக் கேள்விக்கு இவ்வளவு சத்தம் தேவைப்பட்டிருக்கவில்லை.

தொழுவத்தில் ஜோனஸ் ஜனாதிபதியின் குதிரைகளுக்காகக் கட்டை அறைந்துகொண்டிருந்தார். தோளெல்லாம் மரத்தூள். லிடியா சொல்லி முடிக்கும்வரை சுத்தியல் காற்றிலேயே நின்றது.

"லேவியா?"

"தெரியலை."

"தெரியலைன்னா? கட்டினவ நீதானே?"

"ஒரே ஒரு குளிர்காலம், ஜோனஸ். பாதி நாள் பட்டாளத்துல. மீதி நாள் விளக்கு அணைச்சப்புறம் வருவாரு. எட்டு வருஷமா அந்த முகத்தை நினைச்சு நினைச்சுத் தேய்ச்சுட்டேன். இப்ப எது அவரு, எது நான் போட்டுக்கிட்டதுன்னே தெரியலை."

"சுண்டுவிரல் கோணல்னு சொல்வியே."

"இடது கை. அந்தக் கையிலதான் ரெண்டு விரல் இல்லை. சுண்டுவிரலும் அதுல ஒண்ணு."

ஜோனஸ் சுத்தியலை இறக்கினார். அவர் பெரிய பேச்சுக்காரர் அல்ல. பெரிய கோபக்காரரும் அல்ல. "நாளைக்கு ஓலை வாசிக்கறாங்க," என்றார். "வாசிக்கலாமா வேணாமான்னு எனக்குத் தெரியணும். போய்க் கேட்டுடு லிடியா. எதுன்னாலும் தாங்கிக்கறேன். தெரியாம இருக்கிறதைத்தான் தாங்க முடியாது."

அவள் மாடியேறினாள். கதவருகே அவளும் குனிந்தாள். பிறகுதான் உறைத்தது.

வந்தவர் இன்னும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை விட்டு, மேற்கே சிவப்பாக ஒரு கீற்று.

"நீங்க யாரு?" நேராகவே கேட்டாள்.

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

"விளையாடாதீங்க."

"விளையாட்டு இல்லைம்மா." மெதுவாகப் பேசினார், யாரோ சொல்லக்கேட்டுத் திருப்பிச் சொல்கிறவர்போல. "கப்பல் அடித்தட்டுல வெளிச்சமே கிடையாது. மூடியை இறக்கிட்டா, கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னு கையால தொட்டுத்தான் பார்க்கணும். பக்கத்துல இன்னொருத்தன். பைத்தியம் பிடிக்காம இருக்கறதுக்கு நாங்க வீட்டைப் பத்திப் பேசிக்குவோம். அவன் வீட்டுக்குள்ள நான் நடப்பேன், என் வீட்டுக்குள்ள அவன் நடப்பான். தப்பா நடந்தா திட்டுவான். 'குனி, குனி, உத்திரம் இடிக்கும்'னு."

"யாரு அப்படித் திட்டினது? அவரா, நீங்களா?"

"அதுதான் ஞாபகமில்லை."

கீழே திர்ஸா பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை லிடியா பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தினம் காலையில மூடியைத் திறந்து, 'செத்தவனை மேல அனுப்பு'ன்னு கத்துவாங்க. எனக்கு அம்மை போட்டிருந்த நேரம். எத்தனை நாள் கிடந்தேனோ. கண்ணு முழிச்சப்போ பக்கத்துல ஆளு இல்லை." கையைப் பார்த்துக்கொண்டார். "எங்கிட்ட ரெண்டு வீடு இருந்துச்சு."

"இன்னொரு வீடு எது?"

"ரோட் ஐலண்ட்ல. வாசல்ல பேரிக்காய் மரம், கிணத்தடியில வழுக்குப் பாறை. அந்த வீட்டம்மா பேரு ப்ரூடென்ஸ்."

"இந்த வீட்டம்மா பேரு?"

"லிடியா."

பெயரைச் சொன்ன விதத்தில் ஏதாவது இருக்கிறதா என்று அவள் காது கூர்ந்து தேடியது. உச்சரிப்பில் ஒன்றுமில்லை. வெறும் பெயர்.

"ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் ஞாபகம் இருக்கு," என்றார். "அதுல ஒருத்தியோட நான் வாழ்ந்திருக்கேன். இன்னொருத்தியப் பத்தி கேட்டிருக்கேன். எது எதுன்னு பிரிக்க முடியலை. நேர்ல பார்த்தா பிரிஞ்சுடும்னு நினைச்சேன்."

"இப்ப பார்த்துட்டீங்களே?"

அப்போதுதான் முதல் தடவையாகத் திரும்பி அவளை நேராகப் பார்த்தார். சாம்பல் நிறக் கண்கள். லேவிக்கும் சாம்பல் நிறம்தான். ஊரில் பாதிப் பேருக்கும் சாம்பல் நிறம்தான்.

வாசலில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது.

வந்தது ஜனாதிபதி அல்ல. அவருக்கு ஒரு மைல் முன்னால் வந்து தங்குமிடம் பார்க்கிற அதிகாரி. நீலக் கோட்டு, சேறு படாத பூட்ஸ். வரவேற்பதற்காகப் போதகரும் வந்து முன்னறையில் தயாராக உட்கார்ந்திருந்தார். தொழுவத்திலிருந்து ஜோனஸும் வந்து கதவோரம் நின்றார்.

"நல்ல வீடு," என்றார் அதிகாரி. "சத்திரம்தானே இது? தனியார் வீடு இல்லையே?"

"பலகையைப் பார்த்தீங்களே," என்றார் டீக்கன்.

"பார்த்தேன். கோழி."

யாரும் திருத்தவில்லை.

"மாடியறையை எடுத்துக்கறோம். காலிதானே?"

டீக்கன் போதகரைப் பார்த்தார். திர்ஸாதான் சொன்னாள்: "மத்தியானம் ஒரு ஆளு வந்து தங்கியிருக்காரு."

அதிகாரி உடனே தொப்பியை எடுத்தார். "அப்படின்னா மன்னிச்சுக்கங்க. தனக்காக ஒரு வழிப்போக்கரைக்கூடக் கிளப்பக் கூடாதுங்கறது ஜனாதிபதி உத்தரவு. அடுத்த தெருவுல கேப்டன் பெட்டிபோன் சத்திரம் இருக்கே, அங்க..."

பெட்டிபோன் சத்திரம்! அங்கே மூட்டைப்பூச்சிகளே அரிப்பு தாங்காமல் வெளியே போய்ப் படுக்கும் என்பது டீக்கன் பல வருடமாகச் சொல்லிவந்த நகைச்சுவை.

"வழிப்போக்கனா?" டீக்கன் எழுந்தார். "யாரு சொன்னது வழிப்போக்கன்னு? அவன் என் பையன்."

போதகர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"டீக்கன்," என்றார் போதகர் நிதானமாக, "புதன்கிழமை எங்கிட்ட என்ன சொன்னீங்க?"

"புதன்கிழமை செத்திருந்தான்."

"டேய் அசாகேல்..." திர்ஸா எழுந்தாள்.

"கர்த்தர் எடுத்தாரு, கர்த்தர் திருப்பிக் குடுத்துட்டாரு. வேணும்னா மருமகளைக் கேளுங்க. இல்லாத உத்திரத்துக்குக் குனிஞ்சான்னு அவதான் சொன்னா. பெத்த அப்பனுக்குத் தெரியாதா?"

பெற்ற அப்பன் இன்னும் அந்த முகத்தைப் பார்த்திருக்கவில்லை. இது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்குத் தெரியும்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. போரிலிருந்து திரும்பிய மகன், அன்றே வந்திறங்கும் ஜனாதிபதி. பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. "சந்தோஷம்! வீட்டுப் பிள்ளைன்னா அறையை விட்டுக்குடுக்கறதுல தப்பில்லை. ஆனா அவர் எங்க படுப்பாரு?"

"கீழ் ரூம்ல," என்றார் டீக்கன். "அவன் பொண்டாட்டியோட."

கதவு நிலையைப் பிடித்திருந்த ஜோனஸின் விரல்கள் வெளுத்தன.

அதிகாரி பொறுப்பான மனிதர். லிடியாவின் பக்கம் திரும்பினார். "ஜனாதிபதி என்னைக் கேப்பாரு, அதனால நானும் கேட்டுக்கறேன். அம்மா, நீங்க சொல்லுங்க. அவர் உங்க வீட்டுக்காரர்தானா?"

மாடிப்படியில் காலடிச் சத்தம். வந்தவர் இறங்கிவந்து கடைசிப் படியில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். டீக்கன் சட்டென்று கணப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா," என்றார் வந்தவர். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான். எனக்கும் தெரிஞ்சாகணும்."

லிடியா யோசித்தாள். ஆமாம் என்றால் மாமனார் பொய்யர் ஆக மாட்டார். ஜனாதிபதி வருவார். லேவி உயிரோடு வந்தவன் ஆவான். அவள் மனைவி ஆவாள். யாருக்கு என்பது மட்டும் தெரியாது. இல்லை என்றால் நாளை ஓலை வாசிப்பார்கள்.

வந்தவரைத்தான் பார்க்க வேண்டும், பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் பார்த்தது ஜோனஸின் தோளில் ஒட்டியிருந்த மரத்தூளை.

"இல்லை," என்றாள். "இவர் விருந்தாளி."

அதிகாரி வணங்கினார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். குளம்புச் சத்தம் பெட்டிபோன் சத்திரத்தின் திசையில் தேய்ந்தது. டீக்கன் நாற்காலியில் மெல்ல இறங்கினார். போதகர் விடைபெறும்போது, "அப்ப நாளைக்கு ஓலை வாசிக்கலாம்," என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டுப் போனார். ஜோனஸ் லிடியாவின் கையைத் தேடிப் பிடித்தார். அது சில்லென்று இருந்தது.

ஜன்னலில் கடைசிச் சிவப்பும் அணைந்தது. ஓய்வுநாள் பிறந்துவிட்டது. இனி திங்கள் காலைவரை இந்த வீட்டிலிருந்து யாரும் புறப்பட முடியாது.

வந்தவர் இன்னும் கடைசிப் படியில்தான் நின்றிருந்தார். கணக்கு ஒன்றை மனதுக்குள் சரிபார்க்கிறவர்போல உதடுகள் அசைந்தன.

"அப்ப உங்களுக்கு அந்த இன்னொரு வீடுதான்," என்றாள் லிடியா. குரலை இதமாக்கிக்கொள்ள முயன்றாள். "ரோட் ஐலண்ட் வீடு. ப்ரூடென்ஸ். அவங்க உங்களைப் பார்த்தா எவ்வளவு சந்தோஷப்படுவாங்க! திங்கக்கிழமை கிளம்பினீங்கன்னா..."

"போன மாசமே போயிட்டு வந்துட்டேன்மா," என்றார் அவர். "அவங்களும் உங்களை மாதிரிதான். வேற எங்கயோ பார்த்துக்கிட்டே இல்லைன்னாங்க."